மத்தியான விமானத்துக்குக் கை காட்டியவர்கள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் சுகத்தையும் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுது.

போனிலேயே பேசினால் என்ன என்று கேட்டிருந்தாய். நீ பேசுவது பக்கத்துக் கடை போனில். நீ ஹலோ சொன்னதும் அந்தக் கடைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு நம் வீட்டுக் கதையைக் கேட்க உட்கார்ந்துவிடுகிறார். எனக்குக் கடிதம்தான் சௌகரியம். நம் ஊரில் இறங்கும்போது மூட்டை ஏற்றுகிற மேஸ்திரி கையில் கொடுத்தால், சாயங்காலமே உன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்துவிடுகிறது.

விமானி என்றால் கடல் தாண்டிப் போவான் என்று உன் கடைக்கு வருகிறவர்கள் நினைக்கிறார்களாமே. அவர்கள் வாயை ஏன் அடைக்கிறாய், நினைத்துவிட்டுப் போகட்டும். சின்னக் கம்பெனி, சின்ன விமானம், சின்ன ஊர்கள். டவுன் பஸ் மாதிரி நாளெல்லாம் ஏறி ஏறி இறங்குகிறேன். நம் ஊரில் மத்தியானம் நிற்கிற நேரத்தில் ஆட்களை இறக்கி ஏற்றி, எடைக் கணக்கில் கையெழுத்துப் போடுவதற்குள் கிளம்பு என்கிறார்கள். வீடு சைக்கிள் தூரத்தில் இருக்க, சீட்டை விட்டு எழ முடியவில்லை. அம்மா வேலியோரம் வந்து நிற்கிறாள். நான் பக்கத்து ஜன்னலைத் தள்ளிக் கையை வெளியே நீட்டி ஆட்டுகிறேன். அவளும் ஆட்டுகிறாள். இதுதான் நாங்கள் குடும்பம் நடத்துகிற லட்சணம்.

போன வாரம் ஒரு வேடிக்கை. எங்கள் கேப்டன் ஒருவர் காலையில் வீட்டுக்காரியோடு சண்டை போட்டுவிட்டு வந்து, "இன்னைக்கு மனசு சரியில்ல, நான் ஓட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கேன்டீனில் போய் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. எங்கள் வேலையில் அதுதான் முறை. வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தால்கூட ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கின பிறகுதான் சொல்வார்கள். பின்னால் நாற்பது பேர் நம்மை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள் இல்லையா.

அம்மாவை வெயிலில் ரொம்ப நேரம் நிற்க விடாதே.

அன்புடன்,
தம்பி

ஜனவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். நீ பொய் சொல்வாய் என்று அவளே பதிலும் சொல்லிவிட்டாள்.

வெயிலில் நிற்க விடாதே என்று எழுதுவது சுலபம். பதினொரு மணிக்கே நீலச் சால்வையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் என் கடையில் செய்துகொடுத்தேனே, அந்தப் பெரிய கண்ணாடி, அதை மூன்று தரம் துடைத்துப் போட்டுக்கொள்கிறாள். அவ்வளவு செய்தும் அவளுக்கு உன் முகம் தெரிவதில்லை. வெயிலில் விமானத்தின் கண்ணாடி பளபளக்கிறது, கை மட்டும்தான் தெரிகிறது என்கிறாள். பக்கத்தில் நிற்கிற டாக்சிக்காரர்களிடம், "என் பையன் இறங்கிட்டான்" என்று தினமும் புதிதாகச் சொல்கிறாள். அவர்களும் பாவம், தினமும் ஆச்சரியப்படுகிறார்கள்.

நேற்று ஒருவர், "சின்ன பிளேன்தானே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அம்மா அவரை ஒரு வழி பண்ணிவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்கு ஆறவில்லை.

அந்தக் கேப்டன் விஷயத்தை நானும் அம்மாவும் சிரித்துச் சிரித்துப் படித்தோம். பிறகு எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது. போன மாதம் கூரை ஒழுகுகிறது, வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்கிறான் என்றெல்லாம் உனக்குப் புலம்பி எழுதினேனே, அதைப் படித்துவிட்டா நீ ஏறி உட்கார்ந்தாய்? இனிமேல் இந்த மாதிரிச் சமாசாரம் எதையும் உனக்கு எழுதப்போவதில்லை. இங்கே உள்ளதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நிம்மதியாக ஓட்டு.

கீழே அம்மா ஒரு வரி எழுதுவாளாம்.

இப்படிக்கு,
அக்கா

கண்ணா, கையை ரொம்ப வெளியே நீட்டாதே. காற்றடிக்கும். அம்மா.

பிப்ரவரி 12

நெட்டைக்கு,

சௌக்கியமா? நான் சௌக்கியம் என்று எழுத வந்து நிறுத்திக்கொண்டேன். டாக்டர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள்.

ஆபீஸில் உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பார்கள். வருடாந்தர மெடிக்கலில் நெஞ்சைப் படம் எடுத்தபோது ஒரு கோடு கோணலாக விழுந்திருக்கிறது. பெரிய டாக்டர்கள் கூடிப் பார்த்துச் சொல்கிற வரையில் நான் பறக்கக் கூடாது. எப்போது கூடுவார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. எனக்குத் தரையிலும் வேலை கொடுக்கவில்லை. அறையில் உட்கார்ந்து விட்டம் பார்க்கிறேன்.

என் மத்தியான விமானத்தை உனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக நீ அடுத்த ஊரில் போய்த் தங்க வேண்டியதாகிவிட்டது, மன்னித்துக்கொள். இன்னொன்றும் செய்ய வேண்டும். நீ கேட்டால் திட்டுவாய், திட்டிக்கொண்டே செய்.

எங்கள் ஊரில் நிற்கும்போது இடது பக்க வேலியில், நீலச் சால்வை போட்டுக்கொண்டு அம்மா நிற்பாள். ஜன்னலைத் தள்ளிக் கையை நீட்டி ஆட்டு. அவளுக்கு முகம் தெரியாது. கை போதும். அக்காவுக்கு எழுதுகிற கடிதத்தை உன் கடிதத்துக்குள் வைத்து அனுப்புகிறேன், அங்கே மேஸ்திரியிடம் கொடுத்துவிடு. அவள் பதிலையும் நீயே வாங்கி அனுப்பு. மேஸ்திரியிடம் நானே போனில் பேசிவிட்டேன், வாயைத் திறக்க மாட்டார்.

என் அப்பா ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர், உனக்குத் தெரியும். "நெஞ்சு" என்ற வார்த்தை அம்மா காதில் விழுந்தால் அன்றைக்கே அவள் படுத்துவிடுவாள். டாக்டர்கள் சரி என்று சொல்லட்டும், நானே யூனிபார்மில் போய் நின்று எல்லாவற்றையும் சிரிப்பாகச் சொல்லிவிடுவேன்.

உன்,
விட்டம் பார்ப்பவன்

பிப்ரவரி 25

விட்டம் பார்ப்பவனுக்கு,

நான் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய், உன் நெஞ்சில் கோணலாக இருப்பது ஒரு கோடு மட்டும் இல்லை என்று எனக்கு ரொம்ப நாளாகவே தெரியும்.

முதல் நாள் கையை நீட்டியபோது திருடுகிறவன் மாதிரி இருந்தது. என் கோபைலட் பையன் என்னை ஒரு தினுசாகப் பார்த்தான். உன் அம்மா வேலிக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை ஆட்டுகிறார். நிறுத்துவதே இல்லை. நான் கையை உள்ளே இழுத்த பிறகும், இன்ஜின் போட்ட பிறகும், ரன்வே முனைக்குப் போய்த் திரும்புகிற வரையில் ஆட்டுகிறார். எனக்கு அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. உனக்குக் கொடுக்கிறதை நான் வாங்கிக்கொள்கிறேனே என்று அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சொன்னதைச் செய்கிறேன். ஆனால் இது சரியில்லை. ஒரு பஸ்ஸைப் பிடித்துப் போ. போய் உண்மையைச் சொல்லி மடியில் தலை வைத்துப் படு. பெற்றவள் தாங்குவாள்.

நெட்டை

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் மிக்க நலம். நீயும் அம்மாவும் நலம்தானே?

இந்த வாரம் நல்ல மேகம். நம் ஊருக்கு வரும்போது மலைப் பக்கம் குலுக்கி எடுத்துவிட்டது. பின்னால் ஒரு குழந்தை அழுததில் எல்லாரும் சேர்ந்து பாட்டுப் பாடித் தூங்கவைத்தார்களாம். பணிப்பெண் வந்து சொன்னாள். அம்மாவுக்குச் சொல், சிரிப்பாள்.

வீட்டுக்கு வர ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். நானும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மாவை ஒரு வரி எழுதச் சொல்.

அன்புடன்,
தம்பி

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. பதில் போட இவ்வளவு நாளாகிவிட்டதே என்று நினைக்காதே. கடையில் கணக்கு முடிக்கிற சமயம், தலை நிமிர நேரமில்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

அம்மா வழக்கம்போல வேலிக்கு வருகிறாள். நீதான் தினமும் பார்க்கிறாயே, நான் வேறு எழுத வேண்டுமா. விரலில் கொஞ்சம் வலி, அதனால் இந்தத் தடவை வரி எழுதவில்லை. பாட்டுப் பாடித் தூங்கவைத்த கதையைச் சொன்னேன். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் அதற்காகச் சண்டை போடாதே, மனதைக் குழப்பிக்கொள்ளாதே. ஓட்டும்போது வேறு நினைப்பு வேண்டாம். மருந்துக் கடை மூடுவதற்குள் போக வேண்டும், இத்துடன் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா

மே 20

டேய்,

நலம், நலமறிய ஆவல். அக்கா கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் அம்மாவைப் பற்றி ஒரு நல்ல சேதி. முழங்கால் நன்றாகத் தேறிவிட்டது போலிருக்கிறது. முன்பெல்லாம் கம்பியில் சாய்ந்துதான் நிற்பார். இப்போது நிமிர்ந்து நிற்கிறார், நடையிலும் ஒரு வேகம். நான் கை ஆட்டினதும் அவரும் ஆட்டிவிட்டு உடனே திரும்பிப் போய்விடுகிறார். ரன்வே முனை வரையில் ஆட்டுவதெல்லாம் இப்போது இல்லை. சலித்துவிட்டதோ என்னவோ. எனக்கு ஏனோ அந்தப் பழைய ஆட்டல்தான் பிடித்திருந்தது.

இன்னமும் சொல்கிறேன், போய்ப் பார்த்துவிட்டு வா. உனக்கு யார் லீவு கொடுக்க வேண்டும்?

நெட்டை

மே 29

நெட்டைக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

அம்மா நிமிர்ந்து நடக்கிறாள் என்று நீ எழுதினதைப் பத்துத் தடவை படித்தேன். இந்த அறையில் முடங்கியதிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான். இரண்டு வருஷமாக அந்த முழங்காலுக்கு நாங்கள் பார்க்காத டாக்டர் இல்லை.

அவள் நன்றாக இருக்கிறபோது நான் எதற்குப் போய்க் கலக்க வேண்டும்? மத்தியானம் நான் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்க, தலைக்கு மேல் என் விமானம் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கினால், அதை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்க மாட்டாளா? பெரிய டாக்டர்கள் ஜூன் கடைசியில் கூப்பிடுவார்களாம். தலைநகரத்துக்குப் போக வேண்டும். இன்னும் ஒரு மாதம் கையை ஆட்டு. அதன் பிறகு என் கையை நானே ஆட்டிக்கொள்கிறேன்.

விட்டம் பார்ப்பவன்

ஜூன் 22

உடனே படி. நலம் விசாரிக்க நேரமில்லை.

நேற்று உங்கள் ஊரில் டயர் போய்விட்டது. மாற்றுச் சக்கரம் வர நேரமாகும் என்றார்கள். ஆட்களை இறக்கிவிட்டோம். உன் அம்மா இன்னும் வேலியில் நிற்பதைப் பார்த்தேன். இத்தனை நாள் கை காட்டியவன், ஒரு தடவை நேரில் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று நடந்தேன். உன்னோடு வேலை பார்ப்பவன், நீ உள்ளே வேலையாக இருக்கிறாய் என்று புளுகிவிடலாம் என்று நினைத்தேன்.

பக்கத்தில் போனதும் அந்த அம்மாள் பெரிய கண்ணாடியைக் கழற்றினார். உன் வயதிருக்கும், இரண்டு மூன்று கூட இருக்கலாம். உன் மூக்கு, உன் நெற்றி. சால்வை மட்டும்தான் உன் அம்மாவுடையது.

அவர்தான் முதலில் பேசினார்.

"அம்மா விழுந்து மூணு மாசம் ஆச்சுங்க. ஒரு பக்கம் வராம போச்சு. வேலியில ஆள் இல்லன்னா தம்பி பதறிடுவான், அதான் நான் வர்றேன். அவன்கிட்ட சொல்லிடாதீங்க. ஓட்டுற பிள்ள."

என்னால் அதற்கு மேல் புளுக முடியவில்லை. நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். "அவன் ஓட்டலீங்க. பிப்ரவரியில இருந்தே ஓட்டல. கை காட்டினது நான்தான்" என்றேன். காரணத்தையும் சொன்னேன். நெஞ்சு, டாக்டர்கள், எல்லாம்.

அவர் அழவில்லை. விமானத்தைப் பார்த்தார். பிறகு, "அப்ப அவன் சும்மாதான் இருக்கானா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். சால்வையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

உன் வீட்டுக்காரருக்கு நேற்றும் இன்றும் போன் செய்தேன். நீ தலைநகரம் போய்விட்டாய், எங்கே தங்கியிருக்கிறாய் என்று தெரியாது என்கிறார். கம்பெனி டாக்டருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்ததும் இதுதான் உன் கண்ணில் பட வேண்டும் என்று கதவு இடுக்கில் போடச் சொல்லி அனுப்புகிறேன். பெட்டியைக்கூடக் கீழே வைக்காதே. அப்படியே கிளம்பு.

நெட்டை

ஜூலை 10

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பெட்டியோடு படியிலேயே உட்கார்ந்தாய். காலையில் பார்த்தால் போயிருக்கிறாய். நேரில் சொல்ல முடியாததை எழுதிவிடுகிறேன். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். என்மேல் அதைவிடக் கோபம். எழுதுவதும் கிழிப்பதுமாக இரண்டு வாரம் போய்விட்டது.

மார்ச் முதல் வாரத்தில் அம்மா குளியலறையில் விழுந்தாள். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் குழறியது. உனக்கு எழுதக் காகிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன். மனசு சரியில்லாதவன் ஓட்டக் கூடாது என்று நீ எழுதினது கண் முன்னால் வந்து நின்றது. நான் எழுதுகிற ஒரு வரியில் நீ கை தவறினால்? நாற்பது பேர் என்றாயே. அம்மாவுக்கும் அதே பயம். "அவனுக்குச் சொல்லாத" என்று சைகை காட்டினாள். கண்ணாடியையும் சால்வையையும் அவளே எடுத்து என்னிடம் தள்ளினாள். மேஸ்திரியிடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்று கெஞ்சி வைத்தேன்.

படுக்கையில் அவளுக்கு ஒரே வேலைதான். மத்தியானம் இன்ஜின் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறப்பாள். நான் வேலியிலிருந்து ஓடி வருவேன். "காட்டினானா?" என்பாள். "காட்டினான்மா" என்பேன். அதன் பிறகுதான் வாயில் ஏதாவது வாங்கிக்கொள்வாள்.

உன் சிநேகிதர் சொன்ன அன்றைக்கு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. "காட்டினானா?" என்றாள். தெரிந்த பிறகும், "காட்டினான்மா" என்றேன். வருகிற வழியில் உன் வீட்டுக்காரருக்கு நானும் போன் பண்ணிப் பார்த்தேன். நீ இல்லை.

மறுநாள் அவளுக்குப் பேச்சு கொஞ்சம் தெளிவாக வந்தது. என்னைப் பக்கத்தில் வரச்சொல்லிக் கேட்டாள். "அவனுக்கு ஒரு நாள்கூட லீவு குடுக்க மாட்டாங்களா?"

எத்தனையோ தடவை இதைக் கேட்டிருக்கிறாள். "அவன நம்பி நாப்பது பேரு இருக்காங்கம்மா" என்று சொல்லுவேன், பெருமையாகத் தலையை ஆட்டிக்கொள்வாள். அன்றைக்கும் அதையே சொன்னேன். நாக்குக் கூசியது. அவள் தலையை ஆட்டினாள். அதற்கு மறுநாள் போய்விட்டாள்.

அவள் கேட்டதற்கு நான் சொன்னது பொய். நிஜமான பதிலை நீதான் எழுத வேண்டும், எனக்கு வேண்டாம், அவளுக்கு எழுது. அவள் படுத்திருந்த அறையில் நின்று படித்துவிடுகிறேன். அது முடிந்தால்தான் உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியும் என்று நினைக்கிறேன்.

அக்கா

ஜூலை 16

அம்மாவுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் எனக்கு எழுதத் தெரியும். இன்றைக்கு அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் நெஞ்சில் ஒன்றுமில்லையாம் அம்மா. பெரிய டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோணல் கோடு பிறந்ததிலிருந்தே இருக்குமாம், சில பேருக்கு அப்படித்தானாம். ஒன்றுமில்லாத ஒன்றைத்தான் உன்னிடம் மறைத்திருக்கிறேன். காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பெட்டி இனிப்பு வாங்கினேன். அதோடுதான் படியில் வந்து உட்கார்ந்தேன்.

நீ அந்த அறையில் படுத்திருந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன். பழைய பேப்பரைப் படித்தேன். பகலெல்லாம் தூங்கினேன். சாயங்காலம் பஸ் நிலையம் வரையில் நடந்து போய், நம் ஊர் பஸ் கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். ஏறினால் மறுநாள் காலையில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருப்பேன். ஒரு வாய் தண்ணீர் நான் கொடுத்திருக்கலாம். உன்னைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைக்க அக்கா ஒண்டியாகக் கஷ்டப்பட்டிருக்க மாட்டாள்.

வருகிற திங்கட்கிழமையிலிருந்து மத்தியான விமானம் மறுபடி எனக்குத்தான் என்கிறார்கள். அதை எப்படி ஓட்டப்போகிறேன் என்று தெரியவில்லை.

எனக்கு ஒரு நாள்கூட லீவு கொடுக்க மாட்டார்களா என்று கேட்டாயாம். அக்கா உன்னிடம் சொன்னது நிஜமில்லை. என்னை நம்பி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. லீவு கொடுத்தார்கள் அம்மா. பிப்ரவரியிலிருந்து தினமும் எனக்கு லீவுதான். நான்தான் வரவில்லை.

உன்,
பிள்ளை